பன்னிரண்டு நிமிடத் தேர்வு: கிரிக்ஸ் எதிர் டியூக் பவர், 1971

வேலையிடத்தில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1964 சட்டம் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த நாள் 1965 ஜூலை 2. வட கரோலினா மாநிலத்தில் டான் ஆற்றங்கரையில் டிரேப்பர் என்ற சிற்றூர். அங்கே டியூக் பவர் கம்பெனியின் அனல் மின் நிலையம் அதே நாளில் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. இனி வேலைக்குச் சேருகிறவர்கள், லேபர் பிரிவைத் தவிர வேறு எந்தப் பிரிவுக்குப் போவதானாலும், ஹைஸ்கூல் முடித்திருக்க வேண்டும். கூடவே இரண்டு எழுத்துத் தேர்வுகளிலும் தேறியிருக்க வேண்டும்.

விதியில் கறுப்பர், வெள்ளையர் என்ற சொற்கள் எங்கும் இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே கடிகாரம், ஒரே தேர்ச்சி மதிப்பெண். சமவாய்ப்பு என்றால் இதுதானே என்று யாருக்கும் தோன்றும். அப்படித் தோன்றுவது ஏன் போதாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்ன வழக்கு இது. அதைச் சொல்ல வைத்தவர்கள் அந்த நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்த 13 பேர்.

நிலையத்தின் உள்ளே

அங்கே வேலை செய்தவர்கள் மொத்தம் 95 பேர். அவர்களில் கறுப்பர்கள் 14 பேர். பிரிவுகள் ஐந்து: லேபர், கரி கையாளுதல், இயக்கம், பராமரிப்பு, ஆய்வுக்கூடம். சட்டம் வரும்வரை 14 கறுப்பர்களும் லேபர் பிரிவில் மட்டும்தான் இருந்தார்கள். பெருக்குவது, குப்பை அள்ளுவது, சாந்து குழைப்பது, மற்ற பிரிவுக்காரர்கள் கூப்பிட்டால் போய்ப் பளு தூக்குவது என்று போகும் அவர்கள் வேலை. அந்தப் பிரிவில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவரின் கூலி, மற்ற நான்கு பிரிவுகளில் மிகக் குறைந்த சம்பளக்காரரின் கூலியைவிடக் குறைவு. எத்தனை வருடம் உழைத்தாலும் லேபர் பிரிவின் கூரை, அடுத்த பிரிவின் தரையைத் தொடாது.

ஹைஸ்கூல் சான்றிதழ் கேட்கும் பழக்கத்தைக் கம்பெனி 1955-இல் தொடங்கியது. லேபர் தவிர மற்ற பிரிவுகளில் புதிதாகச் சேரவும், கரிப் பிரிவிலிருந்து உள்ளே இருக்கும் மூன்று பிரிவுகளுக்கு மாறவும் அது கட்டாயம் ஆனது. கறுப்பர்களை அப்போது அந்த நிபந்தனை தொடவே இல்லை. அவர்களை நிறுத்தி வைக்கத் தோல் நிறமே போதுமானதாக இருந்ததால், சான்றிதழுக்குத் தேவை எழவில்லை. 1965-இல் நிறத்தைச் சொல்லித் தடுப்பது சட்ட விரோதம் ஆனதும், லேபர் பிரிவிலிருந்து வெளியே வரவும் சான்றிதழ் கட்டாயம் என்று விதி நீண்டது.

1955-க்கு முன்பே உள்ளே வந்துவிட்ட வெள்ளையர்களில் ஹைஸ்கூல் முடிக்காதவர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை. அவர்கள் இயந்திரங்களை நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 1965 ஜூலைக்கும் 1966 நவம்பருக்கும் நடுவே பதவி உயர்வு பெற்ற வெள்ளையர்களில் சான்றிதழ் இல்லாதவர்கள் எத்தனை சதவீதம் என்று கணக்குப் பார்த்தார்கள். மொத்த வெள்ளைத் தொழிலாளர்களில் சான்றிதழ் இல்லாதவர்களின் சதவீதமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதாவது, உள்ளே இருக்கும் ஒருவர் மேலே போவதற்குச் சான்றிதழ் உதவவும் இல்லை, இல்லாதது தடுக்கவும் இல்லை. லேபர் பிரிவின் வாசலில் நின்றவருக்கு மட்டும் அது பூட்டு. இந்த வழக்கின் முதுகெலும்பு இந்த ஒரு கணக்குதான் என்பது என் எண்ணம்.

அந்த இரண்டு தேர்வுகள்

முதல் தேர்வுக்குப் பெயர் வொண்டர்லிக். 50 கேள்விகள், 12 நிமிடம். ஒரு கேள்விக்குக் கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பொதுவான அறிவுத்திறனை அளப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட தேர்வு. இரண்டாவது பென்னட் இயந்திர அறிவுத் தேர்வு: கப்பி, பற்சக்கரம், நெம்புகோல் படங்களைக் காட்டி, எது எந்தப் பக்கம் சுற்றும், எதில் சுமை அதிகம் என்று கேட்கும். டான் ஆற்று நிலையத்தின் எந்தக் குறிப்பிட்ட வேலையையும் கற்றுக்கொள்ளும் திறனை அளப்பதற்காக இந்த இரண்டில் ஒன்றுகூட வடிவமைக்கப்படவில்லை. கொதிகலன் அருகே நிற்பவருக்கு எந்த மதிப்பெண் போதும் என்று யாரும் உட்கார்ந்து ஆராயவும் இல்லை. கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் நீதிமன்றத்தில் சொன்ன காரணம், பணியாளர்களின் பொதுத் தரம் உயரும் என்று கருதினோம் என்பதுதான்.

1965 செப்டம்பரில் இன்னொரு சலுகை வந்தது. கரிப் பிரிவில் சான்றிதழ் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் கேட்டதன் பேரில், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் இந்த இரண்டு தேர்வுகளிலும் தேறினால் சான்றிதழ் இல்லாமலே உள்ளே மாறலாம் என்றார்கள். கேட்பதற்கு நல்ல காரியமாகத் தெரிகிறது. ஆனால் தேர்ச்சிக்கு வைத்த மதிப்பெண், நாடு முழுவதும் ஹைஸ்கூல் முடித்தவர்களின் நடு மதிப்பெண்ணுக்குச் சமம். அதன்படி ஹைஸ்கூல் முடித்தவர்களிலேயே சுமார் பாதிப் பேர் தேறமாட்டார்கள். சான்றிதழ் இல்லாதவருக்குத் தந்த மாற்று வழி, சான்றிதழைவிடச் செங்குத்தான ஏற்றம்.

1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வட கரோலினாவில் ஹைஸ்கூல் முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம். கறுப்பு ஆண்கள் 12 சதவீதம். இதே தேர்வுகள் அடங்கிய ஒரு தொகுப்பை வேறொரு வழக்கில் சமவாய்ப்பு ஆணையம் (வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பு) ஆராய்ந்தபோது, வெள்ளையர்களில் 58 சதவீதமும் கறுப்பர்களில் 6 சதவீதமும் தேறியது தெரிந்தது.

34 என்ற எண்ணையும் கவனியுங்கள். வெள்ளை ஆண்களிலும் மூன்றில் இரண்டு பேர் ஹைஸ்கூலைத் தாண்டவில்லை. ஆலையிலும் வயலிலும் இளவயதிலேயே இறங்கிய ஏழை வெள்ளையர்களையும் அந்தச் சான்றிதழ் வெளியே நிறுத்தியிருக்கும். ஆனால் கறுப்பர்களின் 12-க்குப் பின்னால் அரசாங்கத்தின் கையே இருந்தது. 1965-இல் அந்த நிலையத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் படித்த காலத்தில் வட கரோலினாவில் கறுப்பர்களுக்கு எனச் சட்டப்படி தனிப் பள்ளிகள். தரத்திலும் வசதியிலும் தாழ்ந்த பள்ளிகள். பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1954-இல்தான். அரைகுறையாகப் படிக்க வைத்துவிட்டு, வளர்ந்து வந்த பிறகு படிப்பு எங்கே என்று கேட்பது எந்த விதத்தில் நியாயம்?

வழக்கு நடந்த கதை

1966 மார்ச்சில் தொழிலாளர்கள் சமவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, லேபர் பிரிவிலிருந்து முதல் கறுப்பர் வெளியே மாற்றப்பட்டார். அவர் ஹைஸ்கூல் முடித்தவர். 1953 முதல் அங்கே வேலை பார்த்தவர். கம்பெனி கேட்ட சான்றிதழ் அவரிடம் 13 வருடமாக இருந்தது. அதைக் கேட்டுப் பார்க்க ஒரு புகார் தேவைப்பட்டது.

வழக்கின் தலைப்பில் இருப்பது வில்லி கிரிக்ஸின் பெயர். அவரோடு சேர்த்து 13 பேர். இந்த வகை வழக்குகளை வட கரோலினாவில் முன்னின்று நடத்தியவர் சார்லட் நகரத்து வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸ். இவருடைய அப்பா மவுண்ட் கிலியட் என்ற சிற்றூரில் வண்டி ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு வெள்ளை வாடிக்கையாளர் வேலையை வாங்கிக்கொண்டு பணம் தராமல் போனபோது, அந்தக் கடனை வசூலித்துத் தர அந்த வட்டாரத்தில் ஒரு வெள்ளை வக்கீலும் முன்வரவில்லை. பள்ளிப் பையனாக அதைப் பார்த்த சேம்பர்ஸ், பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் 1962-இல் முதல் மாணவராகத் தேறினார். 1965 நவம்பரில் அவர் வீட்டில் குண்டு வெடித்தது. 1971 பிப்ரவரியில், கிரிக்ஸ் தீர்ப்புக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, அவருடைய அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். இந்த வழக்கு எதன் நடுவே நடந்தது என்று தெரிய இது போதும்.

மாவட்ட நீதிமன்றம் 1968-இல் வழக்கைத் தள்ளியது. கம்பெனி முன்பு வெளிப்படையாகவே பாகுபாடு காட்டியது என்று அந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் சட்டம் இனி நடப்பதற்குத்தான், பழையதற்கு இல்லை என்றது. 1970-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாதி வழி வந்தது. சான்றிதழ் நிபந்தனை வருவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்த கறுப்பர்களுக்கு மட்டும் நிவாரணம் உண்டு. பின்னால் சேர்ந்தவர்களுக்கு இல்லை, ஏனென்றால் விதி எல்லோருக்கும் பொதுவானது, கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்றது. நீதிபதி சைமன் சோபெலாஃப் அங்கேயே மாறுபட்டார்.

கம்பெனி தரப்பில் சட்டத்தின் ஒரு பிரிவு வலுவான ஆயுதமாக இருந்தது. தொழில்முறையில் தயாரிக்கப்பட்ட திறன் தேர்வுகளை முதலாளிகள் பயன்படுத்தலாம் என்று 1964 சட்டமே சொல்கிறது. பாகுபாடு காட்டுவதற்காக அது வடிவமைக்கப்பட்டிருக்கக் கூடாது, உத்தேசிக்கப்பட்டிருக்கக் கூடாது, பயன்படுத்தப்படக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. நாங்கள் அப்படி வடிவமைக்கவும் இல்லை, உத்தேசிக்கவும் இல்லை என்றது கம்பெனி. உச்ச நீதிமன்றம் மூன்றாவது சொல்லில் விரலை வைத்தது: பயன்படுத்தப்படக் கூடாது.

நரியும் கொக்கும்

1970 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தொழிலாளர்களுக்காக வாதாடியவர் ஜாக் கிரீன்பர்க். 1971 மார்ச் 8 அன்று தீர்ப்பு வந்தது. எட்டுக்கு சுழியம், ஒன்பதாவது நீதிபதியான பிரென்னன் வழக்கில் பங்கேற்கவில்லை. எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர். நிக்சன் நியமித்தவர், பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். அவர் கையிலிருந்து ஒருமனதாக இது வந்ததை இன்று நினைத்துப் பார்க்கையில் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

நம் குழந்தைகளுக்குச் சொல்கிற நரி, கொக்குக் கதையை பர்கர் தீர்ப்பில் எடுத்தாள்கிறார். நரி விருந்துக்குக் கூப்பிட்டுத் தட்டையான தட்டில் ஊற்றி வைக்கிறது; கொக்கின் நீண்ட அலகால் ஒரு சொட்டும் எடுக்க முடியவில்லை. இருவருக்கும் ஒரே பால், ஒரே தட்டு. நரியையும் கொக்கையும் அழைத்து இப்படிப் பால் வைப்பது போன்ற சமவாய்ப்பைச் சட்டம் கேட்கவில்லை. வேலை தேடி வருகிறவரின் நிலைமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாத்திரம் எல்லோரும் குடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்கிறார் பர்கர். உருவத்தில் நியாயமாக இருந்து நடைமுறையில் பாகுபாடு செய்யும் வழக்கங்களும் தடைசெய்யப்பட்டவையே. ஒரு நிபந்தனை கறுப்பர்களை வெளியே தள்ளுகிறது, வேலைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டவும் முடியவில்லை என்றால், அது செல்லாது. தொடர்பைக் காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது.

தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இன்னொன்று. கம்பெனி நல்ல எண்ணத்தோடு நடந்தது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. சான்றிதழ் இல்லாத பணியாளர்கள் ஹைஸ்கூல் படிக்கக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கம்பெனியே கட்டியது. அதையும் தீர்ப்பில் எழுதிவிட்டு, ஆனாலும் சட்டம் பார்ப்பது விளைவைத்தான், நோக்கத்தை மட்டுமல்ல என்கிறது. யாரையும் கெட்டவராக்காமல் ஒரு விதியைக் கெட்டது என்று சொல்ல முடிந்ததுதான் இந்தத் தீர்ப்பின் பெரிய காரியம். நீ இனவெறியனா என்று கேட்டால் எதிரே இருப்பவர் கொதித்துப்போவார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். இந்தத் தேர்வு எந்த வேலைக்கு எப்படி உதவுகிறது என்று கேட்டால், அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இதை நம்மூர் இட ஒதுக்கீட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இத்தனை இடம் இன்னாருக்கு என்று தீர்ப்பு சொல்லவில்லை. தகுதி இல்லாதவருக்கு வேலை கொடு என்றும் சொல்லவில்லை. எந்தப் பிரிவுக்கும், அது சிறுபான்மையோ பெரும்பான்மையோ, தனிச் சலுகை காட்டுவதைத்தான் சட்டம் தடுக்கிறது என்றே எழுதியிருக்கிறது. தேர்வு வைக்கலாம், சான்றிதழ் கேட்கலாம். ஆனால் அது அந்த வேலைக்காக ஒருவரை அளக்க வேண்டும், வேலையை விட்டுவிட்டு ஆளைப் பொதுவாக எடைபோடக் கூடாது. சான்றிதழும் தேர்வும் பயனுள்ள வேலைக்காரர்கள், எஜமானர்கள் ஆகிவிடக் கூடாது என்பது பர்கரின் வாக்கு.

அதன் பிறகு

1978-இல் மத்திய அரசு இதைக் கணக்காகச் சுருக்கி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதற்கு ஐந்தில் நான்கு விதி என்று பெயர். ஒரு தேர்வில் 100 வெள்ளையர்களில் 50 பேரும் 100 கறுப்பர்களில் 30 பேரும் தேறினால், கறுப்பர்களின் விகிதம் வெள்ளையர்களுடையதில் 60 சதவீதம். 80-க்குக் கீழே போனதால் அந்தத் தேர்வை ஆராய வேண்டும். ஆராய்ந்து, வேலைக்கு அது தேவைதான் என்று காட்டிவிட்டால் பிரச்சினை இல்லை.

வழி எப்போதும் நேராகப் போகவில்லை. 1976-இல் வாஷிங்டன் நகரக் காவல்துறைத் தேர்வு பற்றிய வழக்கில், அரசியலமைப்பின் கீழ் வழக்குப் போடுகிறவர் நோக்கத்தை நிரூபித்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. கிரிக்ஸ் வழி 1964 சட்டம் போன்ற சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. 1989-இல் அதுவும் ஆட்டம் கண்டது. அலாஸ்காவின் சால்மன் மீன் பதனிடும் ஆலைகளில், மீன் வெட்டும் வேலையில் பெரும்பாலும் ஃபிலிப்பினோக்களும் அலாஸ்காவின் பழங்குடியினரும். நல்ல சம்பள வேலைகளில் பெரும்பாலும் வெள்ளையர். சாப்பாட்டுக் கூடமும் தங்கும் கொட்டகையும்கூட வேறு வேறு. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் தொழிலாளர்களைத் தோற்கடித்து, நிரூபிக்கும் சுமையையும் அவர்கள் தலையில் திருப்பி வைத்தது. நாடாளுமன்றம் 1991-இல் புதிய சட்டம் போட்டு அதைச் சரிசெய்தது. கிரிக்ஸ் வகுத்த முறை அன்றுதான் சட்டப் புத்தகத்திலேயே எழுத்தாக ஏறியது. ஆனால் அதே சட்டத்தில், அந்த மீன் ஆலைத் தொழிலாளர்களின் வழக்குக்கு மட்டும் புதிய விதி பொருந்தாதபடி ஒரு வரியைச் செருகிவிட்டார்கள். அவர்கள் தோல்வியால் பிறந்த சட்டம் அவர்களுக்கே உதவவில்லை. இதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறவில்லை.

2009-இல் நியூ ஹேவன் தீயணைப்பு வீரர்கள் வழக்கு. பதவி உயர்வுத் தேர்வு எழுதியவர்கள் 118 பேர். முடிவு வந்தபோது, உடனடியாக உயர்வு பெறக் கூடிய இடத்தில் ஒரு கறுப்பரும் இல்லை. வழக்கு வரும் என்று பயந்து நகர நிர்வாகம் தேர்வையே ரத்து செய்தது. மாதக்கணக்கில் படித்துத் தேறிய, பெரும்பாலும் வெள்ளையர்களான வீரர்கள் வழக்குப் போட்டு, ஐந்துக்கு நான்கில் ஜெயித்தார்கள். அவர்களுடைய ஆதங்கத்தை நான் சாதாரணமாகத் தள்ளமாட்டேன். ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றினால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் 60 சதவீத எடை எழுத்துத் தேர்வுக்கு, 40 வாய்மொழித் தேர்வுக்கு என்ற அந்தப் பங்கீடு நல்ல தீயணைப்பு அதிகாரியை எப்படிக் கண்டுபிடிக்கும் என்ற கேள்வியைத் தேர்வு வைக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். கிரிக்ஸ் கேட்கச் சொன்னது அதைத்தான். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காததன் விலையை இரண்டு பக்கத்து வீரர்களும் கொடுத்தார்கள்.

கிரிக்ஸின் பாதிப்பு அமெரிக்காவோடு நிற்கவில்லை. 2021 மார்ச்சில் நம் உச்ச நீதிமன்றம், ராணுவப் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி பற்றிய வழக்கில் இந்தத் தீர்ப்பை எடுத்து அலசியது. ஆண் அதிகாரிகள் இளவயதிலேயே கடந்துவிட்ட உடல்தகுதி அளவுகோலை, பல வருடம் வாய்ப்பு மறுக்கப்பட்டு நடுவயதை எட்டிவிட்ட பெண்கள்மேல் அப்படியே வைப்பது மறைமுகப் பாகுபாடு என்றார் நீதிபதி சந்திரசூட். டான் ஆற்றங்கரையில் நடந்ததும் இதேதான்: முன்பு பூட்டி வைத்த காலம், பிறகு பொதுவான அளவுகோல்.

இன்று இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. அமெரிக்காவில் வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்தைப் பல இடங்களில் முதலில் படிப்பது மென்பொருள். மென்பொருளுக்கு நல்லெண்ணமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. பழைய தரவில் யார் வேலைக்கு எடுக்கப்பட்டார்களோ அவர்களைப் போன்றவர்களைத் தேடித்தரும். அங்கே நோக்கத்தைத் தேடினால் கையில் ஒன்றும் சிக்காது. விளைவைத்தான் பார்க்க முடியும்.

இந்த நேரத்தில்தான், 2025 ஏப்ரல் 23 அன்று, அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். விளைவை வைத்துப் பாகுபாட்டைக் கண்டுபிடிக்கும் வழக்குகளை மத்திய அரசு அமைப்புகள் முன்னெடுக்க வேண்டாம் என்று அது சொல்கிறது. அதன் தலைப்பில் இருப்பதும் சமவாய்ப்பை மீட்பது என்ற வாசகம்தான். ஒரே சொல்லை இரண்டு தரப்பும் பிடித்து இழுக்கின்றன. ஒரு தரப்புக்கு ஒரே தட்டு வைத்தால் அது சமவாய்ப்பு. இன்னொரு தரப்புக்குக் கொக்கும் குடித்தால்தான்.

நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. கொதிகலனை ஓட்ட 12 நிமிடத்தில் 50 கேள்விக்குப் பதில் எழுதத் தெரிய வேண்டும் என்று யாராவது காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன். 1965-இல் அதைக் காட்ட முடியவில்லை. காட்ட வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டால், யாரும் காட்டவும் மாட்டார்கள்.

அந்த அனல் மின் நிலையம் 2012-இல் மூடப்பட்டது. 2014 பிப்ரவரியில் அங்கே தேங்கிக் கிடந்த சாம்பல் குட்டையின் அடியில் ஒரு குழாய் உடைந்து, சுமார் 39,000 டன் சாம்பல் டான் ஆற்றில் கலந்தது. அந்த நிலையத்தின் பெயர் அப்போது மறுபடி செய்தியில் வந்தது. 1991 சட்டத்தின் வாசகம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. நிர்வாக ஆணையால் அதை அழிக்க முடியாது. அரசு முன்வராவிட்டாலும், ஒரு தொழிலாளி தானே புகார் கொடுத்து, தானே வழக்கறிஞரைத் தேடி, தானே வழக்குப் போடலாம். கிரிக்ஸும் மற்ற 12 பேரும் அப்படித்தான் போனார்கள். புகாரிலிருந்து தீர்ப்பு வர ஐந்து வருடம் ஆனது. அந்த ஐந்து வருடமும் அவர்கள் அதே நிலையத்துக்குத்தான் வேலைக்குப் போனார்கள்.